பள்ளிச் செயல்திட்டத்துக்குக் குறிப்பெடுப்பதும் மூலங்களைப் பதிவு செய்வதும்: ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு எந்த முறை பொருந்தும்?

கேள்வி: திருவான்மியூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். சமூக அறிவியல் பாடத்துக்காகப் பக்கிங்காம் கால்வாயைப் பற்றிப் பதினைந்து பக்க அளவில் ஒரு செயல்திட்டம் எழுதி வருகிறாள். பறக்கும் ரயில் பாதையை ஒட்டி, எங்கள் வீட்டிலிருந்து நடந்தே சென்று பார்க்கக்கூடிய தொலைவில் அந்தக் கால்வாய் இருப்பதால், தலைப்பை அவளே விரும்பித் தேர்ந்தெடுத்தாள்.

முதல் வரைவு சென்ற வாரம் திரும்பி வந்தது. "1806ஆம் ஆண்டில் பக்கிங்காம் பிரபு இக்கால்வாயை வெட்டினார்" என்ற வாக்கியத்தின் கீழ் ஆசிரியை சிவப்பு மையால் கோடிட்டு, "இதை எங்கிருந்து எடுத்தாய்?" என்று எழுதியிருந்தார். இருவருமாக உட்கார்ந்து அவளுடைய குறிப்பேட்டைப் புரட்டினோம். நாற்பது பக்கங்களுக்கு அழகான கையெழுத்தில் குறிப்புகள் இருக்கின்றன. ஆனால் எந்தக் குறிப்பு எந்த நூலிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ வந்தது என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. கால்வாயின் நீளம் ஒரு பக்கத்தில் 420 கிலோமீட்டர் என்றும், இன்னொரு பக்கத்தில் 796 என்றும், மற்றொன்றில் 163 என்றும் இருக்கிறது. மூன்றையுமே வட்டமிட்டு வைத்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் "ஆதாரம்: கூகுள், விக்கிப்பீடியா, நூலகம்" என்று ஒரே வரி.

எனவே அறிந்தவர்களிடம் கேட்கிறேன். குறிப்பேடு, தனித்தனி அட்டைகள், கணினி ஆகியவற்றில் இந்த வயதுக்கு எது ஏற்றது? ஒவ்வொரு மூலத்தைப் பற்றியும் குறைந்தபட்சம் எவற்றை எழுதி வைக்க வேண்டும்? தமிழ் நூல்களில் ஆசிரியர் பெயரின் முன்னெழுத்தை எப்படிக் குறிப்பது? எங்கள் தெருவிலுள்ள ஒரு பெரியவர் சிறு வயதில் விறகுப் படகுகளைப் பார்த்ததாகச் சொன்னார். அவர் சொன்னதை ஆதாரமாகக் காட்டலாமா? இறுதி வடிவத்தைக் கொடுப்பதற்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன.

பதில் 1: ஓய்வுபெற்ற நூலகர்

அம்மா, முதலில் அந்த நாற்பது பக்கங்களைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். உங்கள் மகள் படித்திருக்கிறாள், எழுதியிருக்கிறாள், முகவரியைத்தான் விட்டுவிட்டாள். அதை இப்போதும் ஓரளவு மீட்டுவிடலாம்.

பிழை நேர்ந்த விதத்தைக் கவனித்தால் முறையும் தானாகவே புலப்படும். 1806 என்பது பேசில் காக்ரேன் என்பவரின் பணத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஏறத்தாழ 11 மைல் தொலைவுக்கு வெட்டப்பட்ட கால்வாயின் ஆண்டு. அது அவர் பெயராலேயே காக்ரேன் கால்வாய் என்று வழங்கியது. பக்கிங்காம் கோமகன் சென்னை மாகாண ஆளுநராக இருந்ததோ 1875 முதல் 1880 வரை. அவருடைய காலத்தில், 1876–78 பெரும்பஞ்சத்தின்போது, பஞ்ச நிவாரண வேலையாக அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே சுமார் 8 கிலோமீட்டர் வெட்டி இணைத்தார்கள். 1878இல் அவருடைய பெயர் சூட்டப்பட்டது. அதாவது, உங்கள் மகள் எழுதிய ஆண்டும் சரி, பெயரும் சரி. இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த இரண்டு சரியான செய்திகள், எல்லை தெரியாமல் அடுத்தடுத்த வரிகளில் கிடந்ததால், ஒரே வாக்கியமாக ஒட்டிக்கொண்டு தவறாகிவிட்டன. இப்படிப்பட்ட பிழை நினைவாற்றல் குறைவினால் வருவதன்று. குறிப்பேட்டின் அமைப்பினால் வருவது.

நான் பரிந்துரைப்பது இதுதான். குறிப்பேட்டின் பின்புறத்திலிருந்து திருப்பி, மூலப் பட்டியல் என்று தலைப்பிட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். புதிதாக ஒரு நூலையோ இணையப் பக்கத்தையோ திறந்தவுடன், ஒரு வரியைக்கூடக் குறிப்பெடுப்பதற்கு முன்பாக, அந்தப் பட்டியலில் அதற்கு ஓர் எண் கொடுக்க வேண்டும்: மூ1, மூ2, மூ3 என்று. முன்புறத்தில் எழுதும் ஒவ்வொரு குறிப்பின் இறுதியிலும் அந்த எண்ணும் பக்க எண்ணும் மட்டும் வந்தால் போதும். "சென்னை முதல் எண்ணூர் வரை, 1806, காக்ரேன் – மூ3, ப. 41" என்று இருந்திருந்தால், அடுத்த வரியில் உள்ள "பக்கிங்காம் – பஞ்ச வேலை – மூ5, ப. 12" என்பதோடு அது கலந்திருக்காது. நூலின் பெயரை ஒவ்வொரு முறையும் முழுமையாக எழுதச் சொன்னால் குழந்தைகள் மூன்றாவது குறிப்பிலேயே சலித்துவிடுவார்கள். எண் என்றால் எழுதிவிடுவார்கள்.

என்னுடைய சொந்த விருப்பத்தைக் கேட்டால் அட்டைகள்தான். ஓர் அட்டைக்கு ஒரு செய்தி. அதற்காகக் கடையில் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் சேர்ந்துகிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொண்டால் தடிமனும் வழவழப்பும் கச்சிதமாக இருக்கும். நான் பணியிலிருந்த காலத்தில் பல மாணவர்களுக்கு அப்படித்தான் வெட்டிக் கொடுத்தேன். எழுதி முடித்ததும் அட்டைகளைத் தரையில் பரப்பிக் கால வரிசையில் அடுக்கிப் பார்த்தால், 1806க்கும் 1878க்கும் இடையில் எவ்வளவு பெரிய வெற்றிடம் இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். 1837இல் அரசு அந்தக் கால்வாயைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட செய்தி அவளுடைய குறிப்புகளில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தேட வேண்டிய இடம் அதுதான்.

நூல் என்றால் எழுத வேண்டியவை: ஆசிரியர், நூலின் பெயர், பதிப்பகம், ஊர், பதிப்பு, ஆண்டு. இவற்றை மேலட்டையிலிருந்து எடுக்கக் கூடாது. முகப்புத் தாளின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் விவரங்களிலிருந்து எடுக்க வேண்டும். முதற்பதிப்பின் ஆண்டும் கையிலுள்ள மறுபதிப்பின் ஆண்டும் அங்கே தனித்தனியாக இருக்கும். இரண்டையும் எழுதிக்கொள்வது நல்லது. ஏனென்றால் பக்க எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். நூலக நூலாக இருந்தால் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுமுறை கன்னிமாரா நூலகத்துக்கோ கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ போகும்போது அந்த எண் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

முன்னெழுத்தைப் பற்றிக் கேட்டீர்கள். தமிழர் பெயரில் பொதுவாகக் குடும்பப் பெயர் கிடையாது. எனவே மேலைநாட்டு வழக்கப்படி முன்னெழுத்தின் விரிவைத் தலைப்பெயராக்கினால் தந்தையார்தான் நூலாசிரியர் என்றாகிவிடும். இயற்பெயரை முதலில் வைத்து, காற்புள்ளியிட்டு, முன்னெழுத்தைப் பின்னால் எழுதுவதே இங்குள்ள நடைமுறை: சாமிநாதையர், உ.வே. என்பது போல. அகரவரிசையில் அவர் ச வரிசையில் வருவார், உகரத்தில் அல்ல.

அவருடைய பெயரை எழுதியதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஐயரவர்கள் பழைய நூல்களைப் பதிப்பித்தபோது, ஏட்டுச் சுவடி கொடுத்து உதவியவர்களின் பெயரையும் ஊரையும் முகவுரையில் எழுதி வைத்தார். சுவடிகளுக்கிடையே பாடம் வேறுபட்ட இடங்களில் அந்த வேறுபாட்டையும் அடிக்குறிப்பில் காட்டினார். உங்கள் மகள் வட்டமிட்டு வைத்திருக்கும் 420, 796, 163 ஆகிய மூன்றும் ஒரு வகையில் பாடபேதங்கள்தான். எந்தச் சுவடியில் எது இருந்தது என்பது மட்டும்தான் இங்கே காணாமற்போயிருக்கிறது.

பதில் 2: செங்கல்பட்டு ஆசிரியர்

நூலகர் ஐயா அந்த மூன்று எண்களில் நிறுத்திவிட்டார். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன். சமூக அறிவியல் ஆசிரியராக ஆண்டுதோறும் இத்தகைய செயல்திட்டங்களைத் திருத்துகிறேன். என் பார்வையில், மூலத்தைப் பதிவு செய்வதன் பயன் கடைசிப் பக்கத்துப் பட்டியலை நிரப்புவதில் இல்லை, இப்படிப்பட்ட முரண்பாடுகளை அவிழ்ப்பதில்தான் இருக்கிறது.

420 என்பது ஆந்திரத்தின் பெத்த கஞ்சாமிலிருந்து நம் மரக்காணம் வரையிலான நீளம். அதில் ஆந்திரப் பகுதி 257 கிலோமீட்டர், தமிழ்நாட்டுப் பகுதி 163 கிலோமீட்டர். கூட்டிப் பாருங்கள், 420 வரும். 796 என்ற எண் காக்கிநாடாவிலிருந்து கணக்கிடும் பக்கங்களில் காணப்படுகிறது. ஆக, நீளத்தைக் குறித்தபோது "எங்கிருந்து எங்கு வரை" என்ற மூன்று சொற்களையும் சேர்த்துக் குறித்திருந்தால் குழப்பமே எழுந்திருக்காது. எண் எதுவாக இருந்தாலும், அது எதன் எண், எந்த எல்லைக்கு, எந்த ஆண்டுக்கு என்று கேட்டுவிட்டுத்தான் குறிப்பில் ஏற்ற வேண்டும் என்று என் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

பஞ்சத்தைப் பற்றி எழுதும்போது இந்த எச்சரிக்கை இன்னும் தேவைப்படும். இறந்தவர்களின் எண்ணிக்கையை ஒருவர் 55 லட்சம் என்பார், இன்னொருவர் அதற்கு மிக அதிகமாகச் சொல்வார். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த பகுதிகளை மட்டும் கணக்கிட்டார்களா, சமஸ்தானங்களையும் சேர்த்தார்களா, சென்னை மாகாணத்துக்கு மட்டுமா என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. எதையும் சேர்க்காமல் வெறும் எண்ணைக் குறித்துவரும் மாணவர், பிறகு இரண்டில் பெரிதாக இருப்பதையே தேர்ந்தெடுக்கிறார். நான் பார்த்தவரை பத்தில் எட்டுப் பேர் அப்படித்தான். மாறாக, 1871 மக்கள்தொகைக் கணக்கில் சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 3.12 கோடிப் பேர் இருந்தார்கள், 1881இல் அது ஏறத்தாழ 3.08 கோடியாகக் குறைந்திருந்தது என்ற இரண்டு எண்களையும் ஆண்டோடும் மாகாணத்தோடும் சேர்த்துக் குறித்துவரும் மாணவிக்கு, பத்து ஆண்டுகளில் பெருக வேண்டிய மக்கள்தொகை ஏன் சுருங்கியது என்ற கேள்வியைத் தானாகவே எழுப்பிக்கொள்ள முடியும். மதிப்பெண் போடுவதற்கு எனக்கு அது போதும்.

அடுத்தது, நூலில் இருந்ததையும் தன் எண்ணத்தையும் பிரித்து வைப்பது. குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் நெடுக்காக மடித்துக் கோடு விழச் செய்து, இடப்பக்கத்தில் மூலம் சொல்வதையும் வலப்பக்கத்தில் தன் ஐயத்தையும் கருத்தையும் எழுதப் பழக்குங்கள். மூலத்தின் சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறிகள் கட்டாயம். குறிப்பெடுக்கும் நேரத்திலேயே அவை வர வேண்டும். "பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்று விட்டால், இரண்டு வாரம் கழித்து அந்த வாக்கியம் தன்னுடையது என்றே மாணவிக்குத் தோன்றிவிடும். வேண்டுமென்றே திருடும் குழந்தைகளை நான் அதிகம் கண்டதில்லை. குறி போட மறந்த குழந்தைகளைத்தான் கண்டிருக்கிறேன்.

அளவைகளையும் மூலத்தில் உள்ளபடியே குறிக்க வேண்டும். பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி 1877இல் பரிந்துரைத்த நிவாரணக் கூலி, ஆண் தொழிலாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். பவுண்டு என்பது 454 கிராம். இதைக் குறிப்பெடுக்கும்போதே "அரைக் கிலோ" என்று மாற்றிவிட்ட ஒரு மாணவர், அந்தக் கூலி போதுமானதா என்று அக்காலத்திலேயே நடந்த விவாதத்தை விளக்க முடியாமல் தடுமாறினார். இடப்பக்கத்தில் பவுண்டு, வலப்பக்கத்தில் கிராம் என்று எழுதினால் சிக்கல் தீர்ந்தது.

"ஆதாரம்: கூகுள்" என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கத்தரிக்காய் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் "ஆட்டோவில் போய் வாங்கினேன்" என்று சொல்வது போன்றது அது. கூகுள் நம்மைக் கொண்டுபோய் இறக்கிவிடும் வாகனம். இறங்கிய கடையின் பெயர்தான் வேண்டும். பக்கத்தின் தலைப்பு, அதை வெளியிட்டவர், வெளியான நாள், முழு முகவரி, நீங்கள் பார்த்த நாள் ஆகியவை வேண்டும். விக்கிப்பீடியாவை நான் தடுப்பதில்லை. ஆனால் அங்குள்ள அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு மூல நூலுக்கோ கட்டுரைக்கோ போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். அப்படிப் போய்ப் பார்க்க முடியாதபோது, பக்கத்தின் ஓரத்திலுள்ள நிலையான இணைப்பைக் குறித்துக்கொண்டால், பின்னர் யாராவது அந்தக் கட்டுரையைத் திருத்தினாலும் மாணவி பார்த்த வடிவம் அப்படியே கிடைக்கும்.

பதில் 3: இரண்டு பிள்ளைகளின் தந்தை

இருவருடைய பதில்களையும் மரியாதையோடு படித்தேன். ஆயினும் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அட்டை, மடித்த பக்கம், மூல எண், பதிப்பு விவரம், மேற்கோள் குறி, பார்த்த நாள் என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கொடுத்தால், கால்வாயைப் பற்றிய ஆர்வம்தான் முதலில் வற்றிப்போகும். என் மகன் சென்ற ஆண்டு இதைப் போன்ற ஓர் அறிவுரையைக் கேட்டுக்கொண்டு ஐந்து வண்ணப் பேனாக்கள் வாங்கினான். எந்த வண்ணம் எதற்கு என்று தீர்மானிப்பதிலேயே இரண்டு மாலைப் பொழுதுகள் போயின. குறிப்பேடு மிக அழகாக இருந்தது. செயல்திட்டத்தில் நான்கு பக்கங்கள்தான் எழுதியிருந்தான்.

எனவே இந்தத் தடவைக்கு ஒரே ஒரு பழக்கம் போதும் என்று நினைக்கிறேன்: நூலகர் சொன்ன மூல எண். மற்றவை அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.

பதில் 1இன் தொடர்ச்சி: ஓய்வுபெற்ற நூலகர்

நண்பர் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். வண்ணப் பேனா விஷயத்தில் நான் அவர் பக்கம். எழுதும்போது தடங்கல் இல்லாமல் கூடவே வருவதுதான் முறை. எழுத்தை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டியது அலங்காரம். ஆனால் மூல எண்ணோடு பக்க எண்ணையும், சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறியையும் விட்டுவிடக் கூடாது. இந்த இரண்டையும் பின்னால் மீட்பது கடினம். பதிப்பகத்தின் பெயரை எப்போது வேண்டுமானாலும் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

முன்பு சொல்ல மறந்த ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். இந்தப் பஞ்சத்தைத் தமிழ்நாட்டில் தாது வருடப் பஞ்சம் என்பார்கள். பழைய தமிழ் நூல்களின் முகப்பில் ஆங்கில ஆண்டு இல்லாமல் தாது வருடம், ஈசுவர வருடம் என்றுமட்டும் அச்சிட்டிருப்பதுண்டு. அறுபது ஆண்டுச் சுழற்சியில் 1876–77, 1936–37, 1996–97 மூன்றுமே தாதுதான். ஆண்டின் பெயரை அப்படியே எழுதிவிட்டு, அது எந்தச் சுற்றின் தாது என்பதை நூலிலுள்ள பிற சான்றுகளைக் கொண்டு தீர்மானித்துப் பக்கத்திலேயே அடைப்புக் குறிக்குள் எழுத வேண்டும். அது தன்னுடைய முடிவு என்பதும் தெரிய வேண்டும்.

பதில் 4: வரலாற்று ஆய்வு மாணவி

கணினியைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் அதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருள்கள் மூலங்களைச் சேகரித்து வைப்பதற்குச் சிறந்தவை. என் ஆய்வுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் பத்துப் பன்னிரண்டு மூலங்களுக்கு மேல் போகாத பள்ளிச் செயல்திட்டத்துக்கு அது தேவையில்லை. வரிசை எண், ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, முகவரி, பார்த்த நாள் என்று தலைப்பிட்ட ஓர் எக்செல் பக்கம் இருந்தால் தாராளம். குறிப்பேட்டில் கையால் எழுதிவிட்டு மூலப் பட்டியலை மட்டும் கணினியில் வைத்துக்கொள்வதும் நன்றாகவே வேலை செய்யும்.

கைப்பேசியால் பக்கங்களைப் படமெடுக்கும் வழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. அதில் ஓர் ஒழுங்கு வேண்டும். எந்த நூலை எடுத்தாலும் முதல் படம் முகப்புத் தாளாகவும் இரண்டாவது படம் அதன் பின்பக்கமாகவும் இருக்கட்டும். அதன் பிறகுதான் வேண்டிய பக்கங்கள். பக்க எண் படத்துக்குள் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே சரிபார்க்க வேண்டும். முனைவர் பட்டப் பணியின் முதல் ஆண்டில், பக்க எண் வெட்டுப்பட்ட முப்பது படங்களோடு வீட்டுக்கு வந்து, அவற்றுக்காக மறுபடியும் ஒரு நாள் முழுவதும் எழும்பூருக்குப் பயணம் செய்தவள் நான்.

இணையத்தில் கிடைக்கும் பழைய நூல்களின் பிடிஎஃப் வடிவங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. திரையின் மேலே 37 என்று காட்டும். தாளில் அச்சாகியிருப்பது 15ஆக இருக்கும். முகவுரைப் பக்கங்களையும் மேலட்டையையும் சேர்த்துக் கணினி எண்ணுவதால் வரும் வேறுபாடு இது. அச்சிலுள்ள எண்ணைத்தான் குறிக்க வேண்டும். பல தொகுதிகளாக வந்த நூலென்றால் தொகுதி எண் இல்லாத பக்க எண்ணால் பயனே இல்லை. இந்தப் பஞ்சத்தைப் பற்றி வில்லியம் டிக்பி 1878இல் எழுதிய ஆங்கில நூல் இரண்டு தொகுதிகள், "டிக்பி, ப. 120" என்று மட்டும் எழுதினால் படிப்பவர் இரண்டையும் புரட்ட வேண்டியிருக்கும்.

தேடிய சொற்களையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பக்கிங்காம், பக்கிங்ஹாம் என இரு எழுத்துக்கூட்டலிலும் தேட வேண்டும். ஊர்களின் மாவட்டமும் காலத்துக்குக் காலம் மாறும். மரக்காணம் பழைய ஆவணங்களில் தென்னார்க்காட்டில் இருக்கும், 1993இல் அந்த மாவட்டம் பிரிந்த பிறகு விழுப்புரத்தில் இருக்கும். எந்தச் சொல்லால் தேடி எதுவும் கிடைக்கவில்லை என்பதும் ஒரு குறிப்புதான். இல்லையேல் அதே தேடலை மூன்று முறை செய்துகொண்டிருப்போம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அண்மையில் ஒரு செயலியிடம் சென்னை மாகாண நீர்வழிகளைப் பற்றிய நூல்களைக் கேட்டேன். ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாவற்றோடும் ஆறு நூல்களைப் பணிவாகப் பட்டியலிட்டது. நூலகப் பட்டியல்களில் தேடிப் பார்த்ததில் அவற்றில் இரண்டைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. எனவே தன் கையாலோ தன் திரையிலோ திறந்து பார்க்காத எதையும் மூலப் பட்டியலில் ஏற்றக் கூடாது என்பதை உங்கள் மகளிடம் வலியுறுத்துங்கள். ஒரு நூலுக்குள் மேற்கோளாக வந்த இன்னொரு நூலுக்கும் இதே விதிதான்: நாம் பார்த்தது எதுவோ அதன் பெயரை எழுதி, "இந்த நூலில் எடுத்தாளப்பட்டபடி" என்று சேர்த்துவிட்டால் நேர்மையாக இருக்கும்.

பெரியவரின் நினைவுகளைத் தாராளமாக ஆதாரமாகக் காட்டலாம். உங்கள் செயல்திட்டத்தில் வேறு எவருக்கும் கிடைக்காத பகுதி அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அவர் நேரில் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்துக் கேட்க வேண்டும். விறகுப் படகைப் பார்த்தது அவருடைய சாட்சியம். கால்வாயை வெட்டியது யார் என்று அவர் சொன்னால் அது செவிவழிச் செய்தி. சொன்னவரின் பெயர், உரையாடிய நாள், இடம், அவர் எந்தக் காலத்தைப் பற்றிச் சொல்கிறாரோ அக்காலத்தில் அவருக்கு என்ன வயது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவு செய்வதற்கும் பெயரை வெளியிடுவதற்கும் முன்கூட்டியே அனுமதி கேட்பது முறை. "பெரிய படகு" என்று அவர் சொன்னால் அதே சொல்லை எழுத வேண்டும். நாமாக அதை "சரக்குப் படகு" என்று மாற்றிவிடக் கூடாது.

கேள்வி கேட்டவர்: திருவான்மியூர் வாசகி

விரிவாகப் பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பத்து நாட்களில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அட்டைதான் வென்றது. என் தங்கையின் திருமணத்தில் மிஞ்சிய பத்திரிகைகள் பரணில் ஒரு கட்டு இருந்தன. அவற்றை வெட்டியதில் தொண்ணூறு அட்டைகள் தேறின. மடித்த பக்கம் வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். அதற்குப் பதிலாகத் தன் ஐயங்களை அட்டையின் பின்புறத்தில், பிள்ளையார் மூக்கும் தேவர்களின் தலைகளும் தெரியும் பக்கத்தில், இடம் கிடைத்த இடத்தில் எழுதுகிறாள்.

பழைய குறிப்புகளை மீட்பதற்கு என் கைப்பேசியின் தேடல் வரலாறு உதவியது. அவள் குறிப்பெடுத்த நாட்களின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஒப்பிட்டதில், நாற்பது பக்கக் குறிப்புகளில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மூலம் கிடைத்துவிட்டது. 163ஐக் கண்டுபிடித்த பக்கத்திலேயே அடுத்த வரியில் 257ம் இருந்தது. ஆசிரியர் ஐயா சொன்னபடி இரண்டையும் அவளே கூட்டிப் பார்த்துவிட்டுச் சமையலறைக்கு ஓடிவந்து சொன்னாள். மூலம் கிடைக்காத குறிப்புகளில் ஒன்று அவளுக்கு மிகவும் பிடித்தமானது: சென்னையிலிருந்து படகு கிளம்பினால் எத்தனை நாளில் எங்கே போய்ச் சேரும் என்பதைப் பற்றியது. எங்கே படித்தாள் என்று எவ்வளவு தேடியும் தெரியவில்லை. அந்த அட்டையை மட்டும் கிளிப் போட்டுத் தனியே வைத்திருக்கிறாள், செயல்திட்டத்தில் சேர்க்கவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

தெருப் பெரியவரிடம் போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் சென்று பேசினோம். விறகோடு கிளிஞ்சல் ஏற்றிய படகுகளையும் தாம் பார்த்ததாகச் சொன்னார். எது கண்டது, எது கேட்டது என்று மகள் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி நிறுத்திக் கேட்டதில் முதலில் சற்று எரிச்சலடைந்தார். பிறகு அவரே "இது எங்கப்பா சொன்னது, தனியா எழுதிக்கோ" என்று பிரித்துச் சொல்லத் தொடங்கிவிட்டார். பெயரைப் போடலாம் என்று அனுமதித்தவர், வயதை மட்டும் போடக் கூடாது என்றார். காரணத்தைக் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்தார். எனவே அந்த மூலத்துக்குரிய அட்டையில், வயதுக்குப் பதிலாக, "கால்வாயில் படகு ஓடிய காலத்தில் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தவர்" என்று எழுதியிருக்கிறாள்.